ரப்பரின் பிசுபிசுப்பு போக: குளோரினா, புரோமினா, அயோடினா?

இயற்கை ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவு தூவலாம், சிலிகான் தடவலாம். கழுவினால் இரண்டும் போய்விடும். நிலைப்பது ஹாலஜன் (குளோரின், புரோமின், அயோடின் அடங்கிய தனிமக் குடும்பம்) கலந்த நீரில் ஊறவைக்கும் குளியல்தான். அதில் என் ஓட்டு குளோரினுக்கு. வேகம், விலை எல்லாம் அப்புறம். முடிவு செய்வது ஹாலஜன் ரப்பருக்குள் இறங்கும் ஆழம்.

ரப்பர் சங்கிலியில் 5 கார்பனுக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு. ஹாலஜன் பாய்வது அங்கேதான். அயோடின் ரப்பரில் நன்றாகக் கரையும், நிலையாகச் சேராது. அதில் ஊறிய துண்டை பிளேடால் குறுக்கே வெட்டினால் பழுப்பு நிறம் உள்ளே இறங்கியிருப்பது தெரியும். மின்கடத்தலை ஆராய்பவர்களுக்கு அது பிடிக்கும். நமக்குக் கறைதான் மிச்சம்.

புரோமின் பரவாயில்லை. பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பில் நேராகச் சேரும். ஆனால் கார்பன்-புரோமின் பிணைப்பு, கார்பன்-குளோரின் பிணைப்பைவிட வலுக்குறைந்தது. வெயிலிலும் சூட்டிலும் ஹைட்ரஜன் புரோமைடு கழன்று மேற்பரப்பு கறுக்கும். புளோரினைக் கைவேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

குளோரின் உள்ளே பரவுவதற்குள் மேற்பரப்பிலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும். வெட்டிப் பார்த்தால் உட்புறம் பழையபடியே இருக்கும். நேராகச் சேர்வது மட்டுமே நடந்தால் எடையில் 51% குளோரின்தான் ஏற வேண்டும். முழுக்கக் குளோரினேற்றிய ரப்பரில் சுமார் 65% இருக்கிறது. ஹைட்ரஜனையும் பெயர்த்துவிட்டு உட்காருகிறது, சங்கிலி வளையமாகவும் மூடிக்கொள்கிறது. அந்த 65% சரக்கு பெயின்ட் பிசினாக விற்கும் கெட்டிப் பொருள். குளியலில் அதிக நேரம் விட்டால் பொருளின் மேல் அந்தப் பெயின்ட் ஓடுதான் உருவாகும்: மஞ்சளடிக்கும், மடித்தால் மயிரிழை வெடிப்பு விழும்.

அளவு: லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் குளோரின், 3 முதல் 5 நிமிடம். 5% பிளீச் 10 மில்லி ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் அரை கிராம் தரும். முதலில் பிளீச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, கடைசியில்தான் பிளீச்சிலிருந்து குளோரினை விடுவிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்; செறிந்த பிளீச்சில் அமிலம் விழுந்தால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும். வாயு உறிஞ்சும் கூண்டு இல்லாமல் தொடாதீர்கள். பொருளை அசைத்துக்கொண்டே இருங்கள். மடிப்பிலும் காற்றுக் குமிழிலும் பிசுபிசுப்புத் திட்டு அப்படியே நிற்கும்.

எடுத்ததும் தண்ணீரில் அலசிய பிறகே, மிச்சக் குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட். அலசாமல் போட்டால் மிச்ச அமிலத்தில் கந்தகம் பிரிந்து பால்போல் படியும். அம்மோனியா வேண்டாம், குளோரமைன் கிளம்பும். சாயமேற்றிய ரப்பர் நிறத்துக்கு நிறம் வேறாக நடக்கும். ஓரத் துண்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஒட்டுவேலையை முன்பே முடித்துவிடுங்கள். குளோரினேற்றிய முகத்தில் ரப்பர் சிமென்ட் (ரப்பரைக் கரைத்த பசை) சரியாகப் பிடிக்காது. பாலியூரிதேன் பசைக்கோ நேரெதிர்: செருப்பின் அடிப்பாகத்தைக் குளோரினேற்றிவிட்டே ஒட்டுகிறார்கள்.