ஸ்டேஜ் கணக்கும் ஜியோஜீப்ராவும்

சமன்பாட்டை அடித்தால் படமாக வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா என்ற போன் ஆப்பைப் பற்றி பஸ் கண்டக்டர் எழுதும் விமர்சனம் இது, கணக்கு வாத்தியார் எழுதுவது அல்ல. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், மட்டு மதிப்பில் மாட்டிக்கொண்டாள். எண்ணுக்கு இரண்டு பக்கமும் | | என்று கோடு போட்டு, அது பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்ப்பதுதான் மட்டு மதிப்பு. டியூஷனில் "மைனஸைப் பார்த்தால் ப்ளஸ் ஆக்கிடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம். அதை நம்பி −|−7| + |2 − 9| என்பதற்கு 14 என்று எழுதியிருந்தாள். கோட்டுக்கு வெளியே நிற்கும் மைனஸையும் சேர்த்து விழுங்கிவிட்டாள். விடை 0.

என் பங்குக்கு ஸ்டேஜ் கணக்கைச் சொன்னேன். மூன்றாவது ஸ்டேஜில் ஏறி எட்டில் இறங்கினாலும், எட்டில் ஏறி மூன்றில் இறங்கினாலும் தூரம் ஐந்துதான். |8 − 3|, |3 − 8| இரண்டும் ஒன்று. தலையாட்டினாள். ஆனால் |x − 3| = 5 மாதிரி சமன்பாடு வந்ததும் பழைய கதைதான்.

அப்புறம்தான் போனில் ஜியோஜீப்ரா கிராஃபிங் ஆப்பை ஏற்றினோம். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்த மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கியது. காசு கேட்கவில்லை.

y = |x − 3| என்று அடித்ததும் 3இல் கூர்முனை வைத்து V போல ஒரு படம் வந்தது. y = 5 என்று இன்னொரு கோடு. இரண்டும் −2இலும் 8இலும் வெட்டுகின்றன. விடை ஏன் இரண்டு என்று நான் வாயே திறக்கவில்லை. 5ஐ −4 ஆக்கினால் கோடு V-க்குக் கீழே போய்விடுகிறது, எங்கும் தொடுவதில்லை. தீர்வே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 3க்குப் பதில் a என்று போட்டால் ஸ்லைடர் வருகிறது. அதை இழுத்தால் V இடமும் வலமும் நகரும். அரை மணி நேரம் இதையே இழுத்துக்கொண்டிருந்தாள், நானும்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது |x − 1| + |x − 4| = 3. படத்தின் அடிப்பகுதி கூராக இல்லாமல் தட்டையாக வருகிறது. 1 முதல் 4 வரை எந்த எண்ணும் விடை! ஒன்றாவது ஸ்டேஜுக்கும் நான்காவதுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் இரண்டு பக்கத் தூரத்தையும் கூட்டினால் மூன்றுதானே.

குறையும் உண்டு. படம் விடையைக் காட்டும், வழியைக் காட்டாது. |x − 2| = 2x − 1 என்பதைத் தாளில் போட்டால் 1, −1 என இரண்டு வரும். −1ஐத் திருப்பிப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3, அதனால் அதைத் தள்ள வேண்டும். படத்தில் 1 மட்டும் தெரியும், இந்தத் தள்ளுபடி கண்ணிலேயே படாது. தேர்வுத்தாளில் அந்த வரிக்குத்தான் மதிப்பெண். அதனால் எங்கள் வீட்டில் முதலில் நோட்டு, பிறகுதான் போன். சின்னத் திரையில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதும் கொஞ்சம் தொல்லைதான், பழைய டேப்லெட் இருந்தால் அதில் போடுங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மகள் நாலரை கேட்கிறாள்.