சிவப்பு விழுந்த இடமும் விழாத இடமும்

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் ஒரு பரிசோதனைக்கூடத்தின் குடும்பத் திட்டத்தில் எனக்கும் என் இரு பிள்ளைகளுக்கும் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டோம். ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு தருகிறேன். அந்த இரண்டும் ரத்தம் எடுக்க வந்த பெண்ணைச் சேரட்டும்.

அவர் வேலை அத்தனை சுத்தம். ஊசி என்றாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என் மகள், எடுத்து முடித்த பிறகுதான் "எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். குழாய்களில் ஒட்டிய பெயரையும் வயதையும் எங்களிடம் வாசித்துக் காட்டினார். குழாயைக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தார். முரட்டுத்தனமாகக் கையாண்டால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் ஏ.எஸ்.டி. நொதி வெளியே கசிந்து, கல்லீரலில் ஏதோ கோளாறு என்பதுபோல் எண் ஏறிவிடும் என்று அவரே சொன்னார். இவ்வளவு அக்கறையாக எடுத்த ரத்தத்தை அந்த நிறுவனம் என்ன பாடு படுத்தியது என்பதுதான் மிச்சக் கதை.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். பிழை தேடுவது என் பிழைப்பு. அன்று இரவு ரிப்போர்ட்டுகள் வந்ததும் மூன்றையும் அச்செடுத்து மேசையில் அடுத்தடுத்து வைத்தேன். எனக்கு வயது 46, மகனுக்கு 14, மகளுக்கு 12. வலது ஓரத்தில் 'இயல்பளவு' என்ற பத்தி மூன்று தாள்களிலும் ஒரு புள்ளிகூட மாறாமல் ஒன்றாகவே இருந்தது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டவர்கள், அதைத் தாளின் தலைப்பில் அச்சிட்டதோடு சரி.

மகனின் தாளில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 386. பக்கத்தில் இயல்பளவு 40 முதல் 129 வரை. எண் சிவப்பில், தடித்த எழுத்தில். மகளுக்கும் அதே வரியில் சிவப்பு, 241. கீழே ஆலோசனைக் குறிப்பு: 'கல்லிரல் நிபுணரை உடனே அணுகவும்.' ஆம், கல்லிரல். குறில். அந்தப் பதற்றத்திலும் அது கண்ணில் பட்டது. தொழில் புத்தி போகாது. வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர், கல்லீரலுக்கென்றே தனித் திட்டம் ஒன்று இருப்பதாகவும் இப்போதே பதிவு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் குழந்தை மருத்துவர் ரிப்போர்ட்டை வாங்குவதற்கு முன்பே மகனின் காலைப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. "இதுதான் உங்கள் 386" என்றார். அல்கலைன் பாஸ்பட்டேஸ் கல்லீரலிலிருந்து மட்டும் வருவதில்லை. எலும்பு உருவாகும் இடத்திலிருந்தும் வருகிறது. வளர்கிற பிள்ளைகளிடம் பெரும்பங்கு எலும்பினுடையதுதான். விடலைப் பருவத்தில் அது உச்சத்துக்கு ஏறும், பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாக, ஆண் பிள்ளைகளுக்குப் பின்னதாக. அந்த வயதுப் பையனுக்கு 400ஐத் தொடுவது புதிதல்ல. வளர்ச்சி நின்றதும் தானாக இறங்கிவிடும். பித்தநாளத்தில் அடைப்பு என்றால் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் கூட ஏற வேண்டும், அதுவோ இருவருக்கும் 14, 12 என்று அமைதியாக இருந்தது. அந்த வரி அதே தாளில் இரண்டு அங்குலம் கீழேதான் இருந்தது. சிவப்பு மை போடத் தெரிந்த மென்பொருளுக்கு இரண்டு வரியைச் சேர்த்துப் படிக்கத் தெரியவில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம் என்றார் மருத்துவர். வளர்கிற குழந்தைக்கு இந்த நொதி 50, 60 என்று இருந்தால் அதுதான் யோசிக்க வேண்டிய எண். எலும்பில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாத ஒரு பரம்பரை நோயின் தடயமாக அது இருக்கலாம். பெரியவர்களின் பத்தியில் அந்த எண் 'இயல்பு' என்று சத்தமில்லாமல் கடந்துவிடும்.

பிறகு பேனாவை எடுத்து, சிவப்பே விழாத ஒரு வரியில் வட்டம் போட்டார். மகளின் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி, பழைய பெயரில் எஸ்.ஜி.பி.டி., 38. பரிசோதனைக்கூடத்தின் மேல் எல்லை 55. கறுப்பு எழுத்து, இயல்பு. நான் அந்த வரியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இங்கேதான் எனக்குப் புதிதாகப் புரிந்தது: 'இயல்பு' என்பது இயற்கை வகுத்துக் கொடுத்த கோடு அல்ல. ஆரோக்கியமானவர்கள் என்று சிலரைத் தேர்ந்து, அளந்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை இயல்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். (அப்படியானால் நலமாக இருக்கும் நாற்பது பேரில் ஒருவர் எப்போதும் மேல் எல்லையைத் தாண்டுவார். இந்தக் கணக்கை எந்த ரிப்போர்ட்டும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை.) கேள்வி, யாரைத் தேர்ந்தார்கள் என்பது. கல்லீரலில் கொழுப்பு படிந்தும் அறிகுறியே இல்லாத பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தால் கோடு தானாக மேலே போய்விடும். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அங்குள்ள குழந்தை மருத்துவமனைகளின் ஏ.எல்.டி. மேல் எல்லைகளைத் திரட்டிப் பார்த்தது. ஓரிடத்தில் 30, இன்னோரிடத்தில் 90, நடுமதிப்பு 53. ஒரே குழந்தை ஒரு மருத்துவமனையில் நோயாளி, அடுத்ததில் ஆரோக்கியம். எடை சரியாக உள்ள, கல்லீரல் நோய் இல்லாத விடலைப் பருவத்தினரை மட்டும் அதே ஆய்வில் கணக்கிட்டபோது எல்லை பையன்களுக்கு 25.8, பெண்களுக்கு 22.1 என்று இறங்கியது. பின்னர் கனடாவிலும், ஜெர்மனியின் லைப்சிக் நகரிலும் குழந்தைகளைத் திரட்டி, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பத் தனித்தனி அளவுகள் வகுத்திருக்கிறார்கள். ஆக, வேலை நடந்திருக்கிறது. என் வீட்டுக்கு வந்த தாளில்தான் அதன் வாசனை இல்லை.

உடனே 22ஐத் தாண்டிய எல்லாப் பெண் பிள்ளைகளையும் ஸ்கேனுக்கு அனுப்பலாமா என்றால், கூடாது. அதையும் மருத்துவரே சொன்னார். அதன் இரண்டு மடங்கைத் தாண்டி, மூன்று மாதத்துக்கு மேலும் இறங்காமல் இருந்தால்தான் விரிவாகத் தேட வேண்டும். 80ஐத் தாண்டினால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. 38 இந்த இரண்டுக்கும் கீழே. மறப்பதற்கும் இல்லை, பதறுவதற்கும் இல்லை. எடை, சமீபத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் நோய் என்று வரிசையாகக் கேட்டார். மகளின் நீச்சல் பயிற்சி பற்றித்தான் அதிகம் கேட்டார். கடும் உடற்பயிற்சிக்குப் பின் தசையிலிருந்தும் இந்த நொதிகள் வெளிவரும், சில நாட்கள் வரை ரத்தத்தில் தங்கும். தசைநோய் உள்ள குழந்தைகளைக் கல்லீரல் நோய் என்று நினைத்து வெகுநாள் அலைக்கழித்த கதைகளும் உண்டாம். அதனால் தசை நொதியான சி.கே.யையும் சேர்த்து எழுதினார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வாரம் நீச்சலை நிறுத்திவிட்டு, குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தோம். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம், நாற்காலி போதவில்லை, ரத்தம் எடுத்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தாளில் 'பெண், 12 வயது' என்று தலைப்பிட்டு அதற்கான எல்லைகள் இருந்தன. எந்த முறையில் அளந்தார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. பி6 வைட்டமினின் ஒரு வடிவத்தைச் சேர்த்து அளப்பதும் சேர்க்காமல் அளப்பதும் வெவ்வேறு எண் தரும் என்பதால் அந்த வரி முக்கியமாம். ஏ.எல்.டி. 33, சிறு நட்சத்திரக் குறியோடு. சி.கே. சரியாக இருந்தது. அடுத்த மாதம் மறுபடி பார்க்கப் போகிறோம்.

முதல் பரிசோதனைக்கூடத்துக்கு இவ்வளவையும் விளக்கிக் கடிதம் எழுதினேன். இயல்பளவுப் பத்தி பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பதை நான்கு பத்தியிலும், எழுத்துப் பிழையைக் கடைசியில் ஒரு வரியிலும். பத்து நாளில் 'திருத்திய ரிப்போர்ட்' வந்தது. 40 முதல் 129, அப்படியே. 55, அப்படியே. 386 இன்னும் சிவப்பில். 'கல்லீரல் நிபுணரை உடனே அணுகவும்' என்பதில் மட்டும் இப்போது நெடில்.