புரோக்கர் கூட்டி வரும் வக்கீல்: சென்னையில் பழைய வீடு வாங்க இந்த 'பேக்கேஜ்' போதுமா?

சென்னையில் மறுவிற்பனைக்கு வரும் பிளாட்டையோ தனி வீட்டையோ பேசி முடித்த கையோடு புரோக்கர் சொல்வார்: "லீகல், டிராஃப்ட், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் நம்ம வக்கீலே பார்த்துக்குவார் சார். நீங்க வந்து கையெழுத்துப் போட்டா போதும்." இந்தக் கூட்டுச் சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். காகிதம் திரட்டுவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. திரட்டியதைப் படித்துவிட்டு "இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் சறுக்குகிறது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 சதவீதக் கமிஷன் என்றால் 80,000. இரண்டு பக்கமும் வாங்கினால் 1,60,000. அது கைக்கு வருவது பெரும்பாலும் பதிவு நாளன்றுதான். வக்கீலுக்கான கட்டணமோ சில ஆயிரங்கள்; அடுத்த கேஸும் அதே புரோக்கரிடமிருந்துதான் வர வேண்டும். வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கு போடக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. பங்கு போடாவிட்டாலும் அடுத்த கேஸை நம்பி இருப்பவரின் பேனா "வியாபாரத்தை நிறுத்துங்கள்" என்று எழுதத் தயங்கத்தான் செய்யும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். மூலப் பத்திர நகல்கள், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், சொத்துவரி, குடிநீர் வரி ரசீதுகள், பிளான் அப்ரூவல், மின் இணைப்பு விவரம், பிளாட் என்றால் சங்கத்திடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம் என எல்லாவற்றையும் நல்ல புரோக்கர் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடுவார். வக்கீல் தனியாக அலைந்தால் ஒரு மாதம் ஆகும். விற்பவரின் அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறார், தம்பிக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் வக்கீலின் ஃபைலில் ஏறாது, புரோக்கருக்குத் தெரிந்திருக்கும். வாரிசுகள் அத்தனை பேரையும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவரால்தான் ஆகும்.

இனி சறுக்கும் இடங்கள். முதலாவது வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சார்பதிவகச் சான்று. 30 வருஷத்துக்குப் போட்டாச்சு, சுத்தமாக இருக்கிறது என்பார்கள். எந்த எண்ணுக்குப் போட்டார்கள் என்று பாருங்கள். நகர மனைகளுக்கு டவுன் சர்வே எண் என்ற புது எண் வருவதற்கு முன் எழுதிய பத்திரங்கள் பழைய சர்வே எண்ணில்தான் அட்டவணையாகி இருக்கும். புது எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாமல் போகலாம். சார்பதிவகத்தின் எல்லை இடையில் பிரிக்கப்பட்டிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் தேட வேண்டும். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பேக்கேஜ் வக்கீல்கள் பலர் புரோக்கர் இணையத்தில் எடுத்த பிரதியையே வைத்துச் சட்டக் கருத்து எழுதிவிடுகிறார்கள். பதிவு ஆகாதது எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. நடப்பு வழக்கு, பதிவு செய்யாத உயில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அதற்கு வெளியே. வழக்கு இருக்கிறதா என்று விற்பவர் பெயரை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் தனியாகத் தேட வேண்டும்.

அடுத்தது அடிக்கடி பதிவு நாளில் வெடிப்பது. வில்லங்கச் சான்றில் வங்கி பெயரோடு "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு வரி இருக்கும்; பத்திரத்தை வங்கியிடம் வைத்துக் கடன் வாங்கிய அடமானம் அது. "லோன் எப்பவோ அடைச்சாச்சு" என்பார் புரோக்கர். அடைத்ததற்கான ரசீதை வங்கி பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். சான்றில் அது தனி வரியாக வர வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அடமானம் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது என்றுதான் பொருள். உங்களுக்குக் கடன் தரும் வங்கியும் அங்கேயே நின்றுவிடும். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் விதித்திருக்கிறது. ஆகவே "பேங்க்ல இழுத்தடிக்கிறாங்க" என்பதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிளாட் வாங்குபவர்கள் ஒரு கூட்டல் போட்டே ஆக வேண்டும். மனை 2,400 சதுர அடி, ஆறு பிளாட் என்று வையுங்கள். உங்களுக்கு விற்பவரின் பத்திரத்தில் பிரிபடாத பங்கு, அதாவது அந்த பிளாட்டுக்கு மனையில் உள்ள பங்கு, 400 சதுர அடி. மற்ற ஐந்து பத்திரங்களையும் கூட்டினால் 2,100 வருகிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது 300தான். காகிதத்தில் இருக்கும் 100 சதுர அடி தரையில் இல்லை. இதைப் பார்க்க மற்ற ஐந்து பத்திர விவரங்களும் வேண்டும். அவற்றை எடுத்துத் தருவது புரோக்கர் வேலை, கூட்டிப் பார்ப்பது வக்கீல் வேலை. பேக்கேஜில் இந்த இரண்டும் சந்திப்பதே அபூர்வம்.

டோக்கன் அட்வான்ஸ் விஷயத்தில் இந்தச் சேவைக்குத் தாராளமாகப் பூஜ்யம் கொடுக்கலாம். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்று அவசரப்படுத்தி, லீகல் பார்ப்பதற்கு முன்பே பணம் கைமாறிவிடும். கொடுப்பதானால் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றமாகக் கொடுங்கள். சொத்து விற்பனை அட்வான்ஸை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். ரசீதில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "வாங்குபவரின் வழக்கறிஞர் 15 நாட்களுக்குள் உரிமைமூலம் திருப்தியில்லை என்று எழுத்தில் தெரிவித்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்." விற்பவர் கையெழுத்து இல்லாமல் புரோக்கர் மட்டும் போட்டுத் தரும் ரசீது செல்லாக்காசு.

விற்பனை ஒப்பந்தத்தை இவர்கள் முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் முடிப்பதுதான் வழக்கம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் ஏற்றதை ஆற்றுகை வழக்கில் (ஒப்பந்தப்படி விற்றே ஆக வேண்டும் என்று கேட்கும் வழக்கு) சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. ஆனால் பதிவு செய்தால் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிலேயே தெரியும். அதே வீட்டை இன்னொருவருக்குப் பேசுவது கடினம். அட்வான்ஸ் பெரிது என்றால் செலவைப் பார்க்காதீர்கள்.

வங்கிக் கடன் கிடைத்துவிட்டது, வங்கி வக்கீல் பார்த்துவிட்டார், அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு. உங்கள் கைக்காசுக்குத் தனியாகப் படிக்க ஆள் வேண்டும்.

பதிவு நாளைப் பொறுத்தவரை சேவை மறுபடி நன்றாகிவிடுகிறது. இணையத்தில் டோக்கன் போடுவது, 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் கட்ட வைப்பது, சாட்சிகளை நிறுத்துவது எல்லாம் கடிகாரம்போல நடக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் கண் வையுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீத வருமான வரியை (டிடிஎஸ்) விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. 80 லட்சத்துக்கு 80,000 ரூபாயைக் கழித்துத்தான் டிடி எடுக்க வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே பொருந்தாது. ஆடிட்டரிடம் போங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். இரண்டாவது, சொத்து விவரப் பகுதி. பழைய பத்திரத்திலிருந்து அப்படியே அடித்து வைப்பார்கள். "வடக்கே காலிமனை" என்று எழுதிய இடத்தில் இப்போது நான்கு மாடி நிற்கும். நான்கெல்லையையும் அளவையும் முந்தின மாலையே வரிவரியாகச் சரிபாருங்கள். பிழை விட்டால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்பவரைத் திரும்பவும் தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் யோசனை: புரோக்கரை வைத்துக்கொள்ளுங்கள், அவர் கொண்டுவரும் வக்கீலைப் பதிவு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டக் கருத்து எழுத, அந்தப் புரோக்கரை முன்பின் தெரியாத வக்கீல் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். அவர் கேட்கும் ஆவணப் பட்டியல் எழுத்தில் புரோக்கருக்குப் போகட்டும், பதிலும் எழுத்தில் வரட்டும். கமிஷனைப் பேசும்போதே பட்டா மாறுதல், சொத்துவரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றத்தையும் சேர்த்துப் பேசி, கால் பங்கு கமிஷனை அதுவரை நிறுத்தி வையுங்கள். பதிவு முடிந்த மறுநாள் முதல் போனை எடுக்காத புரோக்கர்கூட அந்தக் கால் பங்குக்காக மின்வாரிய ஆபீஸ் வாசலில் நிற்பார்.