பழைய கேம்ரி ஹைபிரிடா, பழைய 520டி-யா?

மூன்று வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரில் நான் தேடி அலைந்தது இரண்டு வண்டிகளை: 2014 டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்தது), 2012 பிஎம்டபிள்யூ 520டி (டீசல்). இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்தன. வாங்கியது கேம்ரி. ஆகவே என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

ஓட்டும் சுகம் என்றால் 520டி-தான். பின்சக்கர இழுவை, இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டி, 380 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். கேம்ரி ஓடுகிற சோபா, அவ்வளவுதான். அதன் டிக்கியிலும் பாதி இடத்தை பேட்டரி தின்றுவிடும்.

மைலேஜுக்கு வருவோம். கேம்ரிக்குச் சான்றளித்த அளவு லிட்டருக்கு 19.16 கிலோமீட்டர். எனக்கு ஊருக்குள்ளும் வெளியிலுமாகச் சேர்த்து 15 கிடைக்கிறது. அவிநாசி சாலையில் ஊர்ந்து போகும்போது என்ஜின் அணைந்தே கிடப்பதால் நெரிசல் இதற்குச் சாதகம். 520டி-யை நண்பரிடம் கடன் வாங்கி ஓட்டியது மூன்றே நாள், 13 வந்தது. நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவருக்கு இன்னும் கூடுதலாக வரும், அதை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொண்டு வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் கணக்குப் போட்டேன். கேம்ரிக்குச் சுமார் 67,300, 520டி-க்குச் சுமார் 71,100. வித்தியாசம் நாலாயிரத்துக்கும் கீழே. இதற்காக யாரும் வண்டியை மாற்றி வாங்க மாட்டார்கள்.

முடிவு செய்தது டைமிங் செயின்: வால்வுகளை பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் சங்கிலி.

நான் பார்த்த 520டி-யில் இருந்தது என்47 டீசல் என்ஜின். இதில் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் ஏறக்குறைய 2011 வரை வந்த என்47-களில் செயின் சீக்கிரம் தேய்கிறது என்ற புகார் உலகம் முழுக்க உண்டு. நான் பார்த்தது அதற்கு அடுத்த வருடத்து வண்டி, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. தெரிந்த மெக்கானிக் தம்பியைக் கூட்டிப்போனேன். அவர் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினின் பின்பகுதியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். என்னை ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கச் சொன்னார். 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் முகம் சுளித்தது. அப்புறம் எனக்கும் காதில் வைத்துக் காட்டினார்: தகரத்தில் சங்கிலி உரசுவதுபோல மெல்லிய கரகரப்பு.

“செயின் செட் பெரிய விலை இல்லீங்க சார். அதைத் தொடவே என்ஜினை இறக்கோணும். கூலிதான் உங்களைக் கொல்லும்” என்றார்.

இறக்கி ஏற்ற, செட்டோடு சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்பது அவர் கணக்கு. போடாமல் ஓட்டி செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே காலி. போதாததற்கு, ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று பிஎம்டபிள்யூ சொல்லும் கியர் ஆயிலை, பெட்டியைச் செய்யும் இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பெட்டிக்கு அடியிலிருக்கும் பிளாஸ்டிக் ஆயில் தட்டோடு சேர்ந்தே இருப்பதால் தட்டையும் முழுசாக மாற்ற வேண்டும். இத்தனைக்கும் இந்த வண்டி 2007 முதல் இயங்கும் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் பூட்டியது! சொந்த ஊர்க்காரன் என்பதற்காகப் பாகங்கள் ஒன்றும் மலிவாகிவிடவில்லை.

கேம்ரியில் பயம் வேறு: பேட்டரி. ஆனால் அந்த 2.5 லிட்டர் என்ஜினில் தேய்ந்து தொல்லை தரக்கூடிய பல பாகங்களே கிடையாது. ஆல்டர்னேட்டர் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, முன்னால் பெல்ட்டும் இல்லை. வாட்டர் பம்பும் ஏசி கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே செய்வதால் பிரேக் பேட் எளிதில் தேய்வதில்லை. மூன்று வருடத்தில் என் கையைவிட்டுப் போன பெரிய தொகை டிக்கியில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும்தான். ஒரு காலையில் அது படுத்துவிட்டது. வண்டி ‘ரெடி’ ஆகவே இல்லை, அதாவது கிளம்பவே இல்லை.

மோட்டாரை ஓட்டும் பெரிய நிக்கல் பேட்டரி கேபின் காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. வாங்கியதும் பின்னால் பிரித்துப் பார்த்தால், ஃபேனில் கம்பளிபோல் தூசி, நடுவில் முந்தைய ஓனர் வீட்டு நாயின் வெள்ளை முடி. பிரஷ்ஷும் வேக்குவமும் போட்டு அரைமணி நேர வேலை, அவ்வளவுதான். அடைப்பை அப்படியே விட்டால் சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும். என் பேட்டரிக்கு இப்போது பத்து வயதுக்கு மேல். என்றாவது மாற்ற வேண்டியது வரும், அதற்கென்று மாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன்.

மச்சான் இன்னும் 520டி-தான் வேண்டும் என்று அலைகிறார். அவரிடம் சொல்லியிருக்கிறேன்: காலையில் சொல்லாமல் போங்கள், முதலில் பானட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் செயின் சத்தம் அடங்கட்டும் என்று யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.