எட்டு போர்ட் இருக்கிறது, வாட் இருக்கிறதா? சிறிய அலுவலகத்துக்கான பிஓஇ ஸ்விட்ச்கள்

பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையில் இரண்டு வைஃபை ஆக்சஸ் பாயின்ட். வாசல், வரவேற்பறை, படிக்கட்டு, பார்க்கிங் என்று நான்கு ஐபி கேமரா. மேசைகளில் இரண்டு ஐபி போன். ஆக எட்டுக் கருவிகள். இவற்றுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுப்பதுதான் பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்). சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டால், "எட்டு போர்ட் பிஓஇ எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லி டப்பாவை நீட்டுவார்கள். அதன் முகப்பில் 8 என்ற எண் பெரிதாக இருக்கும். எட்டு போர்ட்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் கிடைக்கும் என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

கணக்கு கடினமில்லை. வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 13 வாட் என்றால் இரண்டுக்கு 26. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் கேமராவுக்கு 7 வாட், நான்குக்கு 28. போனுக்கு 4, இரண்டுக்கு 8. மொத்தம் 62 வாட். டேட்டாஷீட்டில் அதிகபட்ச மின்நுகர்வு என்று போட்டிருக்கும் எண்ணையே எடுங்கள். பகல் நேரத்தில் கேமரா இழுப்பது அதைவிடக் குறைவு, அதை நம்பக் கூடாது. 62-க்கு மேல் கால் பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 78 வாட். இதற்குக் குறைந்த பட்ஜெட் (எல்லா போர்ட்டுக்கும் சேர்த்துத் தரும் வாட்) உள்ள ஸ்விட்ச் இந்த அலுவலகத்துக்கு வேண்டாம்.

பட்ஜெட் போதாவிட்டால் தெரியும் அறிகுறி ஒன்று உண்டு. பகல் முழுக்க எல்லாம் ஒழுங்காக ஓடும். இருட்டியதும் நான்கு கேமராவின் விளக்குகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எரியும். உடனே ஒரு கேமரா அணையும், தானாக எழும், மறுபடி அணையும். கேமராவை மாற்றுவார்கள், முனையை மறுபடி கிரிம்ப் செய்வார்கள், கேபிளையே புதிதாக இழுப்பார்கள். சுமை எல்லை தாண்டியதால் முன்னுரிமை குறைந்த போர்ட்டின் மின்சாரத்தை ஸ்விட்ச் துண்டிக்கிறது என்பதுதான் உண்மை.

ஒன்பதாவது போர்ட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டுக் கருவிகளைச் செருகிவிட்டால் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை எங்கே செருகுவது? நெட்கியர் ஜிஎஸ்308பிபி நல்ல ஸ்விட்ச். எட்டு போர்ட்டிலும் பிஓஇ பிளஸ் (போர்ட்டுக்கு 30 வாட் வரை தரும் வகை), மொத்தம் 83 வாட், மின்விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை. வாட் கணக்கில் நம் அலுவலகத்துக்குத் தேறுகிறது. ஆனால் அதில் இருப்பதே எட்டு போர்ட்தான். ரவுட்டருக்கு ஒன்று போனால் மிச்சம் ஏழு. ஏழு கருவிகளோடு நிற்கும் அலுவலகத்துக்கு இதைத் தாராளமாக வாங்கலாம்.

டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி1008பி விலைக்காக அதிகம் விற்கும் மாடல். எட்டு போர்ட்டில் நான்கில்தான் பிஓஇ. பழைய வெர்ஷனில் 55 வாட், பிறகு வந்தவற்றில் 64 வாட். மாடல் எண் ஒன்றே. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள வெர்ஷன் எண்தான் வேறு. இணையத்தில் ஒன்றைப் படித்துவிட்டுக் கடையில் இன்னொன்றை வாங்கிவரும் குழப்பம் இங்கேதான் வருகிறது. மூன்று கேமரா, ஒரு ஆக்சஸ் பாயின்ட் உள்ள இடத்துக்கு இது போதும்.

சிஸ்கோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்கள் சிபிஎஸ்250-8பிபி மாடலின் எண்களைப் பார்க்க வேண்டும். எட்டு பிஓஇ போர்ட், மொத்தம் 45 வாட்தான். சிபிஎஸ்110-8பிபி-யில் நான்கு பிஓஇ போர்ட்டுக்கும் சேர்த்து 32 வாட். தரத்தில் குறையில்லை, போன்கள் மட்டும் உள்ள அலுவலகத்துக்குப் பொருத்தம். நான்கு கேமராவும் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டும் அதில் தாங்காது. யூபிக்விட்டியின் யூனிஃபை லைட் 16-இலும் இதே கதை: பதினாறு போர்ட், எட்டில் பிஓஇ, 45 வாட். அதைவிடச் சிறிய லைட் 8-இல் நான்கு பிஓஇ போர்ட்டுக்கு 52 வாட். பெரிய பெட்டிக்குள் குறைந்த வாட் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் எட்டுக் கருவி அலுவலகத்துக்கு என் தேர்வு டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி1210எம்பி. எட்டு பிஓஇ பிளஸ் போர்ட், ரவுட்டரோடு இணைக்கும் மேலிணைப்புக்குத் தனி கிகாபிட் போர்ட், 123 வாட். பெயரில் 'எம்' இல்லாத 1210பி-யில் 63 வாட்தான். ஒரே ஓர் எழுத்து, பாதி சக்தி. பில் போடும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 1210எம்பி-யில் எக்ஸ்டெண்ட் என்ற பொத்தானும் உண்டு. கேபிளை 250 மீட்டர் வரை இழுக்க அது உதவும், ஆனால் அந்தப் போர்ட்களின் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகிவிடும். துடைக்கும்போது அந்தப் பொத்தான் தவறுதலாக நகர்ந்துவிட்டால், வைஃபை ஏன் திடீரென்று ஊர்கிறது என்று நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

விஎல்ஏஎன் (ஒரே ஸ்விட்சில் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வசதி) வேண்டும் என்றால் டிஎல்-எஸ்ஜி2210எம்பி: எட்டு பிஓஇ பிளஸ், இரண்டு எஸ்எஃப்பி (மாட்யூல் செருகும் போர்ட்), 150 வாட். கேமராக்களை அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்து வைக்க இது தேவை. கேமராவின் மென்பொருளை யாரும் புதுப்பிப்பதில்லை. கணக்கு வழக்கு இருக்கும் கணினியோடு ஒரே வலையில் அதை விட்டுவைப்பது சரியல்ல. இன்னொரு பெரிய லாபம், தொங்கிப்போன கேமராவின் போர்ட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைத்துப் போடலாம், ஏணி தேட வேண்டாம். ஓராண்டில் கேமரா கூடும் என்று தெரிந்தால் நெட்கியர் ஜிஎஸ்316ஈபி: 15 பிஓஇ பிளஸ் போர்ட், 180 வாட்.

சந்தையில் '8+2' என்று விற்கும் மலிவு ஸ்விட்ச்களில் பெரும்பாலும் எட்டு போர்ட்டும் 100 எம்பிபிஎஸ், மேலிணைப்பு இரண்டு மட்டும் கிகாபிட். கேமராவுக்கு அது தாராளம். ஒரு கேமரா அனுப்புவது பொதுவாகச் சில எம்பிபிஎஸ்தான். ஆக்சஸ் பாயின்ட்டை அதில் மாட்டினால் 300 எம்பிபிஎஸ் இணைப்புக்குக் காசு கட்டியும் வைஃபையில் 94-ஐத் தாண்டாது.

தர எண்களைப் பற்றிச் சுருக்கமாக. 2003-இல் வந்த 802.3ஏஎஃப்-இல் ஸ்விட்ச் முனையில் போர்ட்டுக்கு 15.4 வாட், கருவிக்குப் போய்ச்சேருவது 12.95. 2009-இன் 802.3ஏடி, அதாவது பிஓஇ பிளஸ், 30 வாட் தரும், கருவிக்கு 25.5. 2018-இன் 802.3பிடி 90 வாட் வரை போகும். சிறிய அலுவலகத்தில் அதற்கு அநேகமாக வேலையில்லை. இடையில் காணாமல் போகும் வாட் கேபிளில் சூடாகக் கரைகிறது. அதனால்தான் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கேட் 6 என்று அச்சடித்த 305 மீட்டர் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தால் அது சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. அதன் மின்தடை சுத்தச் செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டேட்டா மட்டும் போகும்வரை குறை தெரியாது. பிஓஇ போனால் தூரத்துக் கேமராவுக்கு வோல்ட் குறையும், விளக்கு எரிந்ததும் ரீஸ்டார்ட் ஆகும். பட்ஜெட் போதாதபோது வரும் அதே அறிகுறி. கம்பியின் மேல்புறத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம். சுவருக்குள் ஏற்கெனவே போன கேபிள் என்றால் மல்டிமீட்டர் போதும்: ஒரு முனையில் ஒரு ஜோடிக் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு மறுமுனையில் ஓம் அளக்க வேண்டும். கம்பியின் தடிமனைப் பொறுத்து 50 மீட்டர் செம்புக்கு 7 முதல் 9 ஓம் வரும். சிசிஏ என்றால் 11 முதல் 13 ஓம் அளவில் நிற்கும். மீட்டர் வயர்களின் தடையை முதலில் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். செம்பு கேபிளில் காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்விட்சை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், சுவருக்குள் போன கேபிளை மாற்ற முடியாது.

டப்பாவில் ஏஎஃப், ஏடி என்ற தர எண்ணே இல்லாமல் '48 வோல்ட் பிஓஇ' என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். தரமான ஸ்விட்ச் முதலில் 10 வோல்ட்டுக்கும் குறைவாக அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழு மின்சாரத்தைத் திறக்கும். தர எண் இல்லாத அந்தப் பாசிவ் வகை எதையும் கேட்காமல் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதில் மடிக்கணினியோ பிரின்டரோ மாட்டினால் அதன் நெட்வொர்க் போர்ட் கருகலாம்.

சிறிய ஸ்விட்ச்கள் பலவற்றுக்கு இயங்கும் வெப்ப எல்லை 40 டிகிரி. மே மாதத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, அல்லது ரவுட்டர், என்விஆர் (கேமராப் பதிவுக் கருவி) எல்லாம் அடைத்த மூடிய சுவர் ரேக்குக்குள் அந்த எல்லை எளிதில் தாண்டும். மேலும் கீழும் ஒரு யூ (ரேக்கின் ஒரு தட்டு உயரம்) இடம் விட்டு, கதவில் துளை உள்ள ரேக்காக வாங்குங்கள். கருவிகள் 62 வாட் இழுத்தால் சுவர் பிளக்கில் ஏறக்குறைய 75 முதல் 80 வாட் போகும். ரவுட்டரையும் சேர்த்து 600 விஏ யுபிஎஸ் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் போடுவதானால் யுபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் மின்சாரம் மாறும் அந்த இடைவெளியில் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகும், கூடவே எல்லா போனும் கேமராவும். பார்க்கிங் கேமராவின் கேபிள் கட்டடத்துக்கு வெளியே போகிறது என்றால் அந்த ஒரு லைனுக்காவது சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டு எர்த்தில் இணையுங்கள். இடி மழையில் அந்த வழியாக வரும் அதிர்ச்சி ஒரு போர்ட்டோடு நிற்பதில்லை.

மாட்டி முடித்ததும், பொருத்த வந்தவர் கிளம்பும் முன், நான்கு கேமராவையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். வெளிச்சம் போனதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். இரண்டு போனிலும் பேசுங்கள், இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டிலும் வீடியோ ஓடட்டும். இப்படி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். டிபி-லிங்க் ஸ்விட்ச்களில் 'பிஓஇ மேக்ஸ்' என்ற விளக்கு பட்ஜெட் விளிம்பை நெருங்கும்போது எரியும். அது எரிந்தாலோ, ஒரு கேமரா அணைந்தாலோ, அடுத்த பெரிய பட்ஜெட் மாடலுக்கு அன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். பில்லும் டப்பாவும் கையில் இருக்கும்.