முதலில் யாருக்குப் பள்ளி: சின்னவர்களுக்கா, பெரியவர்களுக்கா?

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2021 ஜூலையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தலைமை இயக்குநர் பலராம் பார்கவா, ஊழியர்கள் தடுப்பூசி போட்டிருந்தால் தொடக்கப்பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றார். தமிழ்நாடோ செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைத் திறந்தது. சின்ன வகுப்புகள் நவம்பர் 1 வரை காத்திருந்தன. நிபுணர் பேச்சை மீறலாமா?

நோய் ஆபத்து: சின்னவர்களுக்குக் கடும் பாதிப்பு அரிது. இதில் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

முகக்கவசம்: பெரியவர்கள் போடுவார்கள், ஓரளவுக்கு!

பொதுத்தேர்வு: பெரியவர்களுக்கு மட்டுமே.

படிப்பு இழப்பு: பெரியவர்கள் செல்போன் பாடத்தை எப்படியோ ஒப்பேற்றலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பக்கத்தில் ஆசிரியர் வேண்டும். வீட்டில் செல்போனே இல்லையென்றால்? இந்த இழப்பை ஸ்டெதாஸ்கோப் வைத்து அளக்க முடியாது. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

தேர்வு நெருங்கினால் பெரியவர்கள் முதலில், சரி. தொற்று தணிந்து, ஆசிரியர்களும் தடுப்பூசி போட்டாயிற்று என்றால் சின்னவர்களே முதலில்.