பில் இல்லாமல் வாங்கின ரேம்

"இப்ப பிசி அசெம்பிள் பண்ணலாமாடா, இல்ல விலை இறங்கட்டுமா?" என்று மச்சான் கேட்ட அதே வாரம்தான் என் மெஷினில் ஒரு ரேம் (ஓடும் வேலைகளை நினைவில் வைத்திருக்கும் மெமரி பட்டை) செத்தது. நேரம் பார்த்துத்தான் கேட்டான்.

மெஷின் 2019 கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் வாங்கியது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 3600 ப்ராசஸர், 400 வரிசையில் பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. போர்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 5000 வரிசை ப்ராசஸர் பழைய 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி கையை விரித்தது; வாங்கினவர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதம் இறங்கியும் வந்தது. அதன் பலன் எனக்கு 2024இல் கிடைத்தது. புது ப்ராசஸருக்காகப் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் ஓடிய ஐந்து நிமிஷமும் கரண்ட் போய்விடக் கூடாதே என்று யுபிஎஸ்ஸையே முறைத்துக்கொண்டிருந்ததுதான் கஷ்டம். அதே போர்டில் 3600-ஐக் கழற்றி 5000 வரிசை 5600-ஐ வைத்தேன். 10,000 ரூபாய்க்குள் புது மெஷின்!

கிராபிக்ஸ் கார்டிலும் ஜெயித்தேன். 2021இல் கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங்காரர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது பழைய கார்டோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ காசு மைனிங்கைக் கைவிட்டது, விலையும் இறங்கியது, வாங்கினேன். பொறுத்தால் எல்லாம் இறங்கும் என்ற திமிர் அன்று ஏறியதுதான்.

2023இல் என் போர்டுக்கான டிடிஆர்4 வகை ரேம் 8 ஜிபி சுமார் 1,500 ரூபாய்க்குக் கிடந்தது. இன்னும் இரண்டு போட்டு 32 ஆக்கியிருக்கலாம். தீபாவளி ஆஃபர் வரட்டும் என்றேன். ஆஃபர் வந்தது, பொங்கலுக்கு இன்னும் குறையும் என்றேன்.

2025 டிசம்பரில் விண்டோஸ் முடங்கி ப்ளூ ஸ்கிரீன். கழற்றி, பென்சில் ரப்பரால் காண்டாக்டைத் தேய்த்து, ஸ்லாட் மாற்றி, எல்லா வைத்தியமும் செய்தாயிற்று. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு, அத்தனையும் பிழை. லைஃப்டைம் வாரண்டி உள்ள ரேம்தான், ஆனால் பில் எங்கே? "பில் போட்டா 18 பர்சென்ட் சேரும் சார்" என்று கடைக்காரர் சொன்னதும் சில நூறு ரூபாய் மிச்சம் என்று தலையாட்டியவன் நான். இப்போது அதே கடைக்காரர், "பில் இருந்தாத்தானே சார் அனுப்ப முடியும்?" என்கிறார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை, ஆனாலும் பட்டேன்.

புதுசு கேட்டால் அன்றைய விலையில் மூன்று மடங்குக்கு மேல். காலையில் ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட். உலகத்து ரேமில் பெரும்பங்கு செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும்தான். மூவரும் ஏஐ சர்வர்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில்தான் அறிவித்தது.

ஒற்றை ரேமில் ஓட்டுகிறேன். இரண்டு ரேம் சேர்ந்து வேகம் கொடுக்கும் டூயல் சேனல் போனதில் கேம் திக்கித் திக்கி நகர்கிறது. ப்ராசஸருக்கு அது அவமானம்.

மச்சானிடம், "டெஸ்க்டாப்பே வேணாம்டா, பேசாம லேப்டாப் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டேன். அதற்குள்ளேயும் இதே ரேம்தானே என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் போனை வைத்த பிறகுதான் உறைத்தது.